நெடுங்கேணிக்குத் தூரத்துச் சக்தி

கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்தில் அன்று நிற்க இடமில்லை. மண்டபத்துக்கு முன்னால் ஓடும் காலி வீதியின் நெரிசலுக்குக் காரணமே மாஸ்டர் ஜனாதான் என்று பொலிஸ்காரர் சலித்துக்கொண்டார். யாராவது ஒருவருடைய படத்தின்மேல் மாஸ்டர் நூலில் கட்டிய பளிங்கைத் தொங்கவிடுவார். அது ஆடும். ஆடினால் நோய் தெரியும். கண்ணை மூடிச் சக்தி அனுப்பினால் நோய் ஓடும். ஆள் எங்கே இருந்தால் என்ன? சக்திக்குப் பஸ் டிக்கெட் தேவையில்லையே!

இதில் தலைகுப்புற விழுந்தவர் நாகேந்திரம் முதலாளி. முருங்கையிலைத் தூள் ஏற்றுமதி செய்பவர். அலுவலகம் வெள்ளவத்தையில், தூள் அடைக்கும் கொட்டகை வடக்கே வன்னியில், நெடுங்கேணிக்கும் அப்பால். அங்கே வேலை செய்யும் பெண்களின் நலத்துக்காக மாதாமாதம் ஒரு டொக்டரை வான் வண்டியில் அனுப்பி வந்தார். அந்த ஏற்பாட்டைக் கவனித்தவள் அலுவலகத்து உஷாந்தி. இனி வான் வேண்டாம், பெண்களின் அடையாள அட்டைப் போட்டோக்கொப்பி போதும், மாஸ்டர் இங்கிருந்தே சுகமாக்குவார் என்று முதலாளி அறிவித்தார். காடு தாண்டிப் போன நலத்திட்டம் வெள்ளவத்தையைத் தாண்டாமலே முடிந்தது.

உஷாந்திக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கோபம் வந்தது றஞ்சிதம் போன் எடுத்தபோது. கொட்டகையில் இலை புடைப்பவள். வானில் போன டொக்டர்தான் அவளுக்குக் கடும் பிரஷர் என்று கண்டுபிடித்துக் குளிசை கொடுத்தவர்.

"மிஸ், எனக்குச் சுகமாயிட்டுதாம் எண்டு கொழும்பிலயிருந்து மெசேஜ் வந்தது. குளிசையை விடட்டோ?"

"விடாதேங்கோ அக்கா. ஆர் சொன்னாலும் விடாதேங்கோ."

கொட்டகைப் பெண்களின் கொப்பிகளை மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது உஷாந்தியின் வேலை. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அந்தக் கட்டுக்குள் தானே எடுத்த ஒரு படத்தின் கொப்பியையும் செருகினாள். போட்டோக்கொப்பியில் யார் முகம்தான் ஒழுங்காக விழுகிறது? மாஸ்டருக்கு வித்தியாசம் தெரியவில்லை. பளிங்கு அதன்மேலும் ஜோராக ஆடியது.

"பாவம், நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிற பிள்ளை," என்றார். "முதுகு நோ. புருஷனாலயும் கரைச்சல். பயப்பிடாதேங்கோ, சக்தி அனுப்பிட்டன். நாளைக்குச் சிரிச்சுக்கொண்டு நிப்பா."

"இவ எப்பவும் சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறவ, மாஸ்டர். பக்கத்திலதான். வாங்கோ, காட்டுறன்."

முன்வரிசையில் இருந்த நாகேந்திரம் முதலாளி உட்பட மண்டபமே காலி வீதிக்கு இறங்கியது. நாலு கடை தள்ளி ஒரு புடவைக் கடை. கண்ணாடிக்குள் படத்திலிருந்த அதே முகம், பச்சைப் பட்டு உடுத்திச் சிரித்துக்கொண்டிருந்தது. நாள் முழுக்க நிற்பது உண்மைதான். விற்பனையாளர் அதன் வலது கையைக் கழற்றி வைத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பொம்மைக்கும் சக்தி உண்டு என்று மாஸ்டர் சமாளித்துப் பார்த்தார். அப்படியானால் புருஷன் எங்கே என்று யாரோ கேட்டார்கள். நல்லவேளை, கல்கிசைப் பஸ் வந்தது; மாஸ்டர் தொற்றிக்கொண்டார். அவருக்கு டிக்கெட் தேவைப்பட்டது.

எல்லோரும் சிரித்தார்கள், நாகேந்திரத்தைத் தவிர. அவர் முகம் வெளிறிப்போய்க் கடைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உஷாந்தி, நானும் என்ர பிரஷர் குளிசையை விட்டிட்டன்."

அந்த மாதம் வான் முதலில் வெள்ளவத்தையில் நின்று, முதலாளிக்குப் பிரஷர் பார்த்துவிட்டுத்தான் நெடுங்கேணிக்குப் புறப்பட்டது.

அடுத்த வாரம் அதே மண்டபத்துக்கு வேறொரு மாஸ்டர் வருகிறாராம்; சனம் இப்போதே வரிசையில் நிற்கிறது. போகிறவர்கள் வழியில் அந்தப் புடவைக் கடைப் பொம்மையை ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள். தலைக்குள் ஒன்றுமே இல்லாத அதுகூட அந்த வரிசையில் போய் நிற்கவில்லை.