நாலாவது சக்கரம்

நான் தனியாக ஊருக்குப் போகப் போகிறேன் என்று சொன்னபோது என் வீட்டுக்காரரின் வாயில் நாலு திருகாணிகள் இருந்தன. சொல்லி முடித்ததும் கையில் துப்பி எண்ணிப் பார்த்தார். மூன்றுதான் இருந்தன.

எனக்கு உயிரே போய்விட்டது. முதுகில் தட்டினேன். தண்ணீர் கொடுத்தேன். தலைகீழாகத் தொங்கவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் காணாமல் போன திருகாணி அவர் சட்டை மடிப்பிலிருந்து உருண்டு விழுந்தது.

"பார்த்தியா? சொன்னதுக்கே ஒரு உயிர் போகப் பார்த்துச்சு. நிஜமாவே கிளம்பினா என்னென்ன ஆகுமோ!" என்றார்.

நாங்கள் பயணப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறோம். முன்னால் கடை, பின்னால் வீடு. சக்கரம், கைப்பிடி, பூட்டு எல்லாம் அவர் வேலை. ஜிப்பும் தையலும் என் வேலை. அதோடு இன்னொரு வேலையும் உண்டு. பழுது பார்த்த பெட்டி எதுவானாலும் அதை நான்தான் வாசற்படிவரை உருட்டிப் போய்த் திரும்பி வருவேன். சக்கரத்தின் சத்தத்தைக் கேட்பேன். நன்றாக இருந்தால் "பெட்டி போகலாம்" என்பேன். இல்லாவிட்டால் "இருக்கட்டும்" என்பேன். நான் "போகலாம்" சொல்லாமல் எந்தப் பெட்டியும் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை.

ஊர் ஊராகப் போய்வந்த பெட்டிகள் எங்கள் கடையில் வந்து படுக்கும். ஜிப்பைப் பிரித்தால் உள்ளேயிருந்து ஏதாவது உதிரும். காய்ந்த இலை, செம்மண், யாரோ கிழித்துப் போட்ட டிக்கெட். நான் பார்க்காத ஊரெல்லாம் என் குப்பை முறத்தில் வந்து விழுந்திருக்கிறது. உலகத்தையே பெருக்கித் தள்ளியிருக்கிறேன், ஆனால் தெருமுனையைத் தாண்டித் தனியாகப் போனதில்லை.

காரணம், நான் பயந்தவள். பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். பிறகு திறந்து, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி பூட்டுவேன். வானம் மேகமாக இருந்தால் மழை வருமே என்று கவலை. தெளிவாக இருந்தால், ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று கவலை.

இப்படிப்பட்டவளைக் கெடுத்தது ஒரு வாடிக்கையாளர். அந்தம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் ஒத்தை டிக்கெட். என் வயதுதான் இருக்கும். எங்கே போனாலும் தனியாகத்தான் போவார். ஒரு நாள் அவர் பையின் ஜிப்பைப் பிரித்தேன். மாவுபோல வெள்ளை மணல் கொட்டியது. இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். இப்படியும் ஒரு மணலா?

"எங்க போயிருந்தீங்க?"

"கடலுக்கு. ரயில்ல போனா சாயங்காலம் போய்ச் சேர்ந்துடலாம்."

"யாரோட போனீங்க?"

"பையோட."

"பயமா இல்லையா?"

"இருக்கும். அதையும் கூட்டிக்கிட்டுதான் போவேன். அதுக்கு யாரும் டிக்கெட் கேக்கறதில்லை."

அவர் போய்விட்டார். மணல் என் நகக்கண்ணிலேயே தங்கிவிட்டது. மிச்ச மணல் எங்கே கிடக்கிறது? கரை முழுக்க இப்படித்தானா, இல்லை ஓரமாக மட்டுமா? ஈரமானால் என்ன நிறம் வரும்? வீட்டுக்காரரைக் கேட்டேன். "மணல்னா மணல்தான்" என்றார். பெட்டியில் ஒட்டியிருக்கும் அழுக்கைப் பார்த்தே ஊர்ப் பெயர் சொல்லிவிடுவேன் என்று வாடிக்கையாளர்களிடம் பெருமை அடிப்பவர் அவர். எந்த ஊரையும் நேரில் பார்த்ததில்லை.

அதனால்தான் சொன்னேன், நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. உடனே ஆரம்பித்தார்.

"அங்க மழை பெஞ்சா?"

"நனைவேன்."

"வழி தெரியலைன்னா?"

"கேப்பேன்."

"நீ எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ. பஸ் போர்டைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ் போயிடுமே?"

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான் நான். இல்லை என்று சொல்லவில்லை. "அடுத்த பஸ்லயும் அதே போர்டுதானே இருக்கும்? மிச்சத்தை அதுல படிச்சுக்கறேன்" என்றேன்.

அவர் சுத்தியலை எடுத்தார், வைத்தார். பிறகு திடீரென்று முகம் மலர்ந்தது. மனிதர் கத்தினால் பயமில்லை. சிரித்தால்தான் பயம்.

"போயிட்டு வா. தாராளமாப் போயிட்டு வா. நான் என்ன பெண்டாட்டியைப் பூட்டி வைக்கற ஆளா? உனக்கு நானே ஒரு பெட்டி தயார் பண்ணித் தரேன்."

இரண்டே நாளில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்து நின்றது. யாரோ பழுதுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போன பெட்டி. மெருகு போட்டு, புதுக் கைப்பிடி வைத்து, நாலு சக்கரம் மாட்டியிருந்தார். பார்க்கக் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பழக்க தோஷத்தில் அதை வாசற்படிக்கு உருட்டப் போனேன்.

"வேணாம், வேணாம்!" பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டார். "இதை நீ சோதிக்கக் கூடாது."

"ஏங்க?"

"உனக்குன்னு ஆசையாச் செஞ்சிருக்கேன். இதையும் சந்தேகப்பட்டா மனசு தாங்காது."

இத்தனை வருஷத்தில் அவர் மனசு எதையெல்லாம் தாங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் டீ குடிக்கப் போனதும் பெட்டியை உருட்டினேன். மூன்று சக்கரம் பாடியது. நாலாவது சக்கரம் இருமியது.

கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரத்தின் நடுவே ஓடும் சின்ன இரும்புக் குச்சியை நாங்கள் 'பின்' என்போம். மற்ற மூன்றிலும் சரியான அளவில் பின் இருந்தது. நாலாவதில் மட்டும் குட்டைப் பின். கழித்துப் போட்ட சாமான் டப்பாவிலிருந்து தேடி எடுத்திருக்கிறார். வெறும் பெட்டியாக இருந்தால் கொஞ்ச தூரம் ஓடும். சுமை ஏற்றினால் தெருமுனை தாண்டாது. அங்கே கழலும். நான் பயந்து திரும்பி வருவேன். இனி ஆயுசுக்கும் ஊர் என்ற வார்த்தையை எடுக்க மாட்டேன். இதுதான் கணக்கு.

கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், கோபத்துக்கு அடியில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. சக்கரம் கழன்றால் போக வேண்டாம். பழி அவர் தலையில். எனக்கு நோகாமல் முடிந்துவிடும். அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இந்தத் தடவை விட்டால் இனி எந்தத் தடவையும் கிடையாது.

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அடுக்க ஆரம்பித்தேன்.

கிளம்பும் நாள் காலையில், "கடைக்குப் பசை வாங்கணும்" என்று சொல்லி எனக்கு முன்னாலேயே வெளியே போனார். நான் அடுப்பைப் பார்த்தேன். குழாயைப் பார்த்தேன். மறுபடி அடுப்பைப் பார்த்தேன். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். கனமான கனம். நாலாவது சக்கரம் இருமியது, முனகியது. தெருமுனை ஜெராக்ஸ் கடை வாசலில் சரியாக உயிரை விட்டது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சக்கரம் தனியாக உருண்டு போய்ச் சுவரொட்டி படித்துக்கொண்டிருந்த ஒருவர் காலில் மோதி நின்றது.

அவர்தான். சோகத்தை முன்கூட்டியே முகத்தில் தயாராக வைத்திருந்தார்.

"அடடா, என்னம்மா ஆச்சு?"

"சக்கரம் கழண்டுடுச்சுங்க."

"நல்லவேளை, நம்ம தெருவுலயே கழண்டுச்சு. இதே தெரியாத ஊரா இருந்தா? மழையா இருந்தா? நீ ஒண்டியா நின்னா?"

"ஆமாங்க. யாரு மாட்டின சக்கரங்க இது?"

சரியாக மாட்டியும் கழன்றது என்றால் கடை மானம் போகும். வேண்டுமென்றே மாட்டினேன் என்றால் வீட்டு மானம் போகும். இரண்டுக்கும் நடுவில் நின்று தவித்தார்.

ஜெராக்ஸ் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, போன மாசம் என் பெட்டிக்கும் நீங்கதானே சக்கரம் மாட்டினீங்க?"

"அது வேற சக்கரம்" என்றார் அவசரமாக. பிறகு என்னிடம் குரலைக் குழைத்தார். "விடும்மா. மனசைத் தேத்திக்கோ. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

"சரிங்க. பெட்டியை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

"அப்ப போகலையா?" முகத்தில் சோகம் இருந்த இடமே தெரியவில்லை.

"பெட்டிதான் போகலை."

ஜெராக்ஸ் கடைக்காரி மேஜைக்கு அடியிலிருந்து என் தோள்பையை எடுத்துக் கொடுத்தாள். முதல் நாளே அவளிடம் கொடுத்து வைத்திருந்தேன். நானே தைத்த பை. அதற்குச் சக்கரமே கிடையாது.

"குட்டைப் பின்னுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" பின்னைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவரே உளறிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இத்தனை வருஷமா நீங்க சக்கரம் மாட்டும்போது டார்ச் பிடிச்சது யாருங்க?"

பஸ் வந்தது. போர்டை எழுத்துக் கூட்டினேன். முடிப்பதற்குள் நகர ஆரம்பித்தது. கையைக் காட்டினேன். நின்றது! கையைக் காட்டினால் பஸ் நிற்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பஸ் வாசற்படியில் காலை வைத்தேன். எனக்கு நானே, "போகலாம்" என்றேன்.

ரயிலில் போய் உட்கார்ந்ததும் போன் அடித்தது. அவர்தான், மூச்சு வாங்கினார். மூன்று சக்கரப் பெட்டியைத் தெரு முழுக்கத் தோளில் சுமந்து போயிருக்கிறார். பெட்டி பழுது பார்ப்பவர் பெட்டியைச் சுமந்து போவதை எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்களாம்.

"என்னம்மா இது? உள்ள உன் துணி ஒண்ணையும் காணோம். முழுக்கப் பழைய பையா இருக்கு!"

"எல்லாம் ஜிப் போன பைங்க. நாளன்னிக்கு வந்து கேப்பாங்க. மெஷின்ல நூல் கோத்து வச்சிருக்கேன்."

"எனக்குத் தைக்கத் தெரியாதே!"

"நான் தைக்கும்போது நீங்க டார்ச் பிடிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு போனைப் பைக்குள் போட்டேன்.

சாயங்காலம் இறங்கினேன். இறங்கியதும் பயம் வந்து பக்கத்தில் நின்றது. சுற்றிலும் தெரியாத முகங்கள். யாரைக் கேட்பது, எந்தப் பக்கம் போவது? பழக்கத்தில் கண் கீழே போய், போகிற வருகிற சக்கரங்களைப் பார்த்தது. ஒரு பெண் நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். ஓரத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு தையல். முடிகிற இடத்தில் இரட்டை முடிச்சு. அது என் முடிச்சு! என் கை எனக்கு முன்னாலேயே இந்த ஊருக்கு வந்துவிட்டிருந்தது. நான்தான் தாமதம். அந்தப் பெண் பின்னாலேயே நடந்தேன். கடைசித் திருப்பத்தில் கடல் நின்றது.

மணல் கரை முழுக்க அப்படித்தான் கிடந்தது. ஈரமானால் சாம்பல் நிறம். காயக் காய மறுபடி வெளுக்கிறது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பு ஞாபகம் வந்தபோது இருட்டிவிட்டது. தங்கும் விடுதியில் கதவை ஒரே ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தேன். சரி, இரண்டு தடவை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அவருடைய நாலு விரலில் துணி சுற்றியிருந்தது. பத்து பையில் ஜிப் வைத்திருந்தார். அதில் எட்டை, பைக்கு உள்ளே உட்கார்ந்தால்தான் திறக்க முடியும்.

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. என் தோள்பையைக் கவிழ்த்து, உதிர்ந்த மணலை விரலால் தொட்டார்.

"கடல் சத்தம் போடுமாமே? விடாம போடுமா, இல்ல விட்டு விட்டா?"

"விட்டு விட்டு."

"ராத்திரியில கூடவா?"

"ராத்திரியிலதான் ஜாஸ்தி."

"ரயில்ல ஜன்னல் பக்கம் இடம் குடுத்தாங்களா?"

கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. இவர் என்னைப் பிடித்து வைத்தாரா, இல்லை தனக்கும் சேர்த்துப் பயந்தாரா?

ஒரு வாரம் கழித்து சிவப்புப் பெட்டியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். நாலு சக்கரமும் புதுசு. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதைக் கொஞ்சம் சோதிச்சுச் சொல்லு. ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டி போதும்னு நினைக்கிறேன்" என்றார்.

கவிழ்த்துப் பின்களைப் பார்த்தேன். வாசற்படிவரை உருட்டிப் போய்த் திரும்பினேன். கண்ணை மூடிக் கேட்டேன். நாலும் ஒரே குரலில் பாடின. நல்ல வேலை. மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெஷின் பக்கத்தில், அவர் பிரித்துத் தைக்க வேண்டிய அந்த எட்டுப் பைகள் குவிந்து கிடந்தன.

"என்ன சொல்ற?"

"பெட்டி போகலாம்" என்றேன். "நீங்க இருக்கட்டும்."