மொழிபெயர்ப்பு இலாகா

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு உருப்படியாகச் செய்த ஒரே காரியம் சௌந்தரராஜனின் குடித்தனம். கல்கத்தா டாக்குரியாவில் அவருக்கு மாடி வீடு, எனக்குக் கீழ் வீடு. இருவருக்கும் ஒரே ஆபீஸ். ஆகவே என் சாட்சியம் செல்லும்.

"எங்காத்துல ரகசியமே கிடையாது ஓய்! எல்லாம் 'திறந்த நிர்வாகம்'" என்பார். சும்மா சொல்லக் கூடாது, கத்தரிக்காய் விலை, மேலதிகாரியின் சர்க்கரை வியாதி, மந்திரிசபை மாற்றம் எல்லாவற்றையும் மனைவி ஜலஜாவிடம் அன்றன்றே சொல்லிவிடுவார். சம்பளம் மட்டும் 'ராணுவ ரகசியம்'.

தொண்ணூற்றெட்டில் எங்களுக்குச் சம்பள உயர்வு அரியர்ஸ் மொத்தமாக வந்தது. அதைப் புதுக் கணக்கு ஒன்றில் போட்டுவிட்டு, "டெல்லியில ஃபைல் தூங்கறது" என்று வீட்டில் 'அறிக்கை' வெளியிட்டார். ஜலஜாவுக்கோ துணி பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. பாவம், அந்த அம்மாள் கேட்டதெல்லாம் பிழிந்தும் தருகிற வாஷிங் மெஷின் ஒன்றுதான். பூஜா விடுமுறை வரை அது 'பரிசீலனை'யில் இருந்தது.

ஒருவழியாகக் கரியாஹாட்டில் ஒரு மின்சாதனக் கடைக்குப் போனோம். நான் 'பார்வையாளர்'. கடைக்காரர் ஸாஹா "ஆசுன், பௌதி!" என்று ஜலஜாவை அண்ணி முறை வைத்து வரவேற்றார். கல்கத்தாவுக்கு வந்து பதினெட்டு வருஷமாகியும் சௌந்தரராஜனுக்கு வங்காளம் வராது. முடிவெடுப்பது அவர் இலாகா, மொழிபெயர்ப்பு அம்மாளுடையது.

"பிழியாத சின்ன மெஷினே போதும். கையில காசில்லேன்னு சொல்லு."

ஜலஜா வெகுநேரம் வங்காளத்தில் பேசினாள். ஸாஹா என் நண்பரை இரக்கத்தோடு பார்த்தார்.

"இத்தனை நாழி என்ன சொன்னே?"

"நீங்க சொன்னதைத்தான். வங்காளத்துல கொஞ்சம் நீளமா வரும்."

"இவன் ஏன் என்னை இப்படிப் பார்க்கறான்? திருட்டு முழி! காசில்லேன்னு இன்னொரு தரம் அழுத்திச் சொல்லு."

"வேணாம் சார், புரிஞ்சுது" என்றார் ஸாஹா, சுத்தத் தமிழில். தாயாரின் வைத்தியத்துக்காக வேலூரில் ஆறு மாசம் இருந்தவராம்.

சௌந்தரராஜனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இவ என்ன சொன்னா?"

"உங்க ஆபீஸ் சட்டர்ஜி பாபு அரியர்ஸ் பணத்துல இங்கதான் ஃபிரிட்ஜ் வாங்கினார் சார். உங்களுக்கும் வந்துடுச்சாம். அது உங்களுக்குத்தான் இன்னும் தெரியாதுன்னு பௌதி ரொம்ப வருத்தப்பட்டாங்க. தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாரா, எங்க வீட்டுலதான் ரகசியமே கிடையாதேன்னாங்க."