பதினான்காம் மாடிக்கு ஓர் உகந்த தீர்வு

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றிலேயே உன்னதமானது நெருப்பும் இல்லை, சக்கரமும் இல்லை. சராசரிதான். இந்த உண்மையை உலகத்துக்கு முன்பாகவே உணர்ந்தது ஜார்ஜ் டவுனில், ஜெலுத்தோங் பக்கம் இருக்கும் எங்கள் பதினேழு மாடி பிளாட் என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

எங்களுக்கு லிஃப்ட் இரண்டு. ஒன்று தீபாவளிக்கு முன்பே செத்துவிட்டது. மற்றது ஓடியது. காலையில் அதற்காக நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் ஏதோ கோயில் திருவிழா என்று நினைப்பீர்கள். சாதாரண மூளை உள்ளவர்கள் இதற்கு என்ன செய்வார்கள்? செத்த லிஃப்டை ரிப்பேர் பண்ணுவார்கள். எங்கள் நிர்வாகக் குழுவில் சாதாரண மூளை யாருக்கும் கிடையாது. அதோடு எங்களிடம் தனேஷ் இருந்தான்.

தனேஷ் எங்கள் தலைவர் மோகனராஜின் மகன். பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். படிப்பின் பெயர் 'ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் அண்ட் இன்ஃபர்மேஷன் எஞ்சினியரிங்'. அதை ஒரே மூச்சில் சொல்லப் பழகத் தலைவருக்கு ஒரு செமஸ்டர் பிடித்தது. இருப்பதை வைத்து அதிகப் பலன் எடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் படிப்பாம். இல்லாததைக் கேட்பவர்களை எப்படிச் சமாளிப்பது என்பதும் அதில் ஒரு பாடம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

குழுக் கூட்டத்தில் தனேஷ் எழுந்து நின்றான். அப்பாவை 'மிஸ்டர் சேர்மன்' என்றுதான் கூப்பிட்டான். எங்களுக்குப் புல்லரித்தது.

"மிஸ்டர் சேர்மன், பிரச்சனை லிஃப்ட் இல்ல. பிரச்சனை டிமாண்ட்."

"டிமாண்டுன்னா என்னா தம்பி?" என்று கேட்டேன்.

"நீங்கதான் அங்கிள்."

"லிஃப்ட் ரோசாக் ஆகிக் கெட்டுப்போனதுக்கு நான் என்னா லா செஞ்சேன்?"

"நீங்க எல்லாரும் எல்லா மாடியிலயும் ஏறுறீங்க, எறங்குறீங்க. அதான் லேட்."

இத்தனை வருஷம் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். என்ன அறியாமை!

தனேஷ் இரண்டு வாரம் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, டேப்லெட்டில் ஆட்களை எண்ணினான். மூன்றாம் வாரம் தீர்வு வந்தது. லிஃப்ட் இனி நான்கு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு ஆகிய மாடிகளில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் பக்கத்து மாடிக்கு நடக்க வேண்டும். இதற்கு 'உகந்த தீர்வு' என்று பெயர். தலைவர் குடியிருப்பது பன்னிரண்டில் என்பது கணிதத்தின் தற்செயல். நான் எட்டாம் மாடி. ஆகவே இந்த ஆராய்ச்சியை என்னால் முழு நடுநிலையோடு பாராட்ட முடிகிறது.

செத்த லிஃப்டைப் பார்க்க மாதக்கணக்கில் வராத டெக்னீஷியன், பட்டன்களை அணைத்துவைக்க மறுநாளே வந்தார். அறிவியல் என்றால் எல்லாரும் ஓடிவருகிறார்கள்.

இதில் ஒரே ஒரு சின்ன இடறல். பதினான்காம் மாடி ருக்குமணி அக்கா.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். லேட்டாகப் போனால் அந்த அளவுக்கு மெஷின் நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். முழங்காலும் சரியில்லை. படி இறங்க முடியாது. அவர் மகள் சாந்தினி, பக்கத்து வீட்டு ஹைதரையும் என்னையும் கூப்பிட்டார். அக்காவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் பன்னிரண்டாம் மாடிவரை தூக்கிப்போவது எங்கள் வேலை.

முதல் நாளே, பதின்மூன்றாம் மாடித் திருப்பத்தில், டேப்லெட்டோடு தனேஷ் எதிரே வந்தான்.

"ஆன்ட்டி, ஒரு சின்ன சர்வே. இப்ப நீங்க வெயிட் பண்றீங்களா, டிராவல் பண்றீங்களா?"

"ரெண்டும் இல்லடா. தொங்கிக்கிட்டு இருக்கேன்."

"அந்த ஆப்ஷன் இல்ல ஆன்ட்டி."

ஹைதருக்கு மூச்சு வாங்கியது. "தம்பி, ஒரு கை புடிச்சுக்கிட்டே கேளேன். முதுகு போவுது."

"சாரி அங்கிள். நான் தொட்டா டேட்டா கெட்டுரும்."

"சரிடா," என்றார் அக்கா. "இவனுங்க கை நழுவி நான் உருண்டேன்னா அத எதுல போடுவ?"

தனேஷ் உண்மையிலேயே யோசித்தான். அதுதான் கல்வி.

"அது டிராவல்தான் ஆன்ட்டி. ரொம்ப ஃபாஸ்ட் டிராவல்."

அன்றைக்கு அக்காவின் காத்திருப்பு நேரம் பூஜ்யம் என்று பதிவானது. டயாலிசிஸ் சென்டரில் அவருக்கு முக்கால் மணி நேரம் குறைத்தார்கள். அது வேறு கட்டடம். எங்கள் ஆய்வின் எல்லைக்குள் வராது.

ஒரு மாதம் இப்படிப் போனது. அக்காவின் கால் வீங்கியது. முகம் வீங்கியது. ஹைதர் முதுகில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டார். சாந்தினி கூட்டத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டார். அக்காவும் நாற்காலியில் வந்து சேர்ந்தார்.

"திங்கள், புதன், வெள்ளி. போக ஒரு தடவ, வர ஒரு தடவ, லிஃப்ட் பதினாலுல நிக்கட்டும். வேற ஒண்ணும் கேக்கல," என்றார் சாந்தினி. "இல்லைன்னா அம்மாவ வச்சிக்கிட்டு இங்க இருக்க முடியாது. வீட்டக் காலி பண்ணிட்டு நிபோங் திபால்ல மாமா வீட்டுக்குத்தான் போகணும்."

"சாந்தினி, உணர்ச்சிவசப்படக் கூடாது," என்றார் தலைவர். "இது கணக்கு."

தனேஷ் லேப்டாப்பைத் தட்டினான். சுவரில் விழுந்த படத்தில் ஒரு கோடு மேலே ஏறியது. "ஆன்ட்டிக்காக நிறுத்துனா, சராசரி இருபது செகண்ட் கூடிரும்."

மண்டபமே அதிர்ந்தது.

"இருபது செகண்டா!" என்று நெஞ்சில் கைவைத்தார் எட்டாம் மாடி நூர் பீவி. "எம்புள்ளைக்கு ஸ்கூல் பஸ் போயிரும் லா!" கூட்டம் தொடங்குவதற்கு முன் தின்பதற்குக் கறிபாப் வருவதற்காக அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர் அவர்.

"அப்படின்னா நான் யாருடா ஒன் கணக்குல?" என்று அக்கா கேட்டார்.

"நீங்க அவுட்லையர் ஆன்ட்டி. அதாவது, மத்தவங்களோட சேராதவங்க. சேராதத எடுத்துட்டாதான் மாடல் சுத்தமா வரும்."

"சேராதவளா? ஒன் அக்கா கல்யாணத்துக்கு மூட்ட வெங்காயத்த உரிச்சது யாரு? அன்னிக்குச் சேந்துதானேடா இருந்தேன்?"

"அது பழைய டேட்டா ஆன்ட்டி."

ஓட்டெடுப்பு நடந்தது. இருபது வினாடியைக் காப்பாற்ற விரும்புவோர் கை தூக்கலாம் என்றார் தலைவர். நான்காம் மாடி தூக்கியது. பன்னிரண்டும் பதினாறும் தூக்கின. ஐந்தாம் மாடிக்காரர்கள்கூட, நாளைக்குத் தங்களுக்கும் ஏதாவது கிடைக்கும் என்று தூக்கினார்கள். எட்டாம் மாடியின் சார்பில் நானும் தூக்கினேன். நாற்காலி தூக்கிப் பழகிய கை, சுலபமாக உயர்ந்தது. ஹைதர் மட்டும் தூக்கவில்லை. முதுகு வலி காரணம் என்று தலைவர் விளக்கம் சொன்னார்.

அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "போதும் ஹைதரு. தூக்கு என்னைய," என்றார்.

இரண்டு வாரத்தில் வீடு காலியானது. நிபோங் திபாலில் மெஷினுக்கு இடம் கிடைக்கும்வரை அக்கா வாரம் மூன்று தடவை கடல் பாலம் தாண்டி எங்கள் தீவுக்குத்தான் வந்து போக வேண்டும். அதுவும் எங்கள் ஆய்வின் எல்லைக்குள் வராது.

தனேஷின் புரோஜெக்ட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் வைத்த போஸ்டரை நாங்கள் வேன் பிடித்துப் போய்ப் பார்த்தோம். 'பதினான்காம் மாடியில் தேவை மேலும் குறைந்தது. முடிவு சரியென்று நிரூபணமானது' என்று அதில் இருந்தது. தலைவர் கண் கலங்கினார். நூர் பீவி செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

போஸ்டரில் இடம் இல்லாமல் விடுபட்ட ஒரு விஷயம் உண்டு. அதை நான் சேர்த்துவிடுகிறேன்.

வீடு மாறிய அன்று, லாரிக்காரர்கள் அக்காவின் பெரிய அலமாரியைப் படிக்கட்டுவரை தள்ளிவந்து நின்றார்கள். திருப்பத்தில் திரும்பாது, சுவரில் இடிக்கும் என்றார்கள். தலைவர் பதறி ஓடிவந்தார்.

"போன மாசந்தான் பெயிண்ட் அடிச்சோம்! இடிச்சிராதீங்க லா! இருங்க, இருங்க!"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்தார். பன்னிரண்டுக்கு இறங்கி, லிஃப்டுக்குள் போய், பட்டன்களுக்குக் கீழே இருந்த துளையில் அதை நுழைத்து ஒரு திருப்புத் திருப்பினார். பதினேழு மாடிக்குமான பட்டன் விளக்குகளும் எரிந்தன. அடுத்த நிமிடம் பதினான்கில் கதவு திறந்தது. அலமாரி உள்ளே போனது. அதன் பக்கத்தில் கிடைத்த இடத்தில் அக்காவை நிறுத்தினோம்.

"மோகனு, இந்தச் சாவி எப்பவும் ஒங்கிட்டதான் இருந்திச்சா?"

"ஆமா லா அக்கா. எமர்ஜென்சிக்கு வேணும்ல?"

அக்கா அலமாரியைப் பிடித்துக்கொண்டார். கதவு மூடியது.

எங்கள் லிஃப்ட் பதினான்காம் மாடியில் நிற்காது என்று வெளியே யாரோ பேசுகிறார்களாம். வீண் அவதூறு. நின்றது. அக்காவைத் துரத்தினோம், உடனே நின்றது.