டிகிரி மிஸ்ஸும் லேஞ்சி கட்டிய அப்பிளும்

சந்தேகப்படுவதற்கென்றே பிறந்தவர்கள் உலகத்தில் பலர் இருக்கிறார்கள். ஆனால் தேநீரைச் சந்தேகித்து, அதை உயரமான சாடியில் ஊற்றி, உள்ளே ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, எத்தனை டிகிரி என்று பார்த்த பிறகே குடித்த ஒரே மனிதப் பிறவி, புத்தளத்தில் நான் வேலை பார்த்த உப்புக் கந்தோரில் இருந்த டிகிரி மிஸ்தான்.

பெயரைக் கேட்டுவிட்டு அவர் பட்டம் பெற்றவர் என்று நினைத்துவிட வேண்டாம். முதலாளியின் மைத்துனர் அப்படி நினைத்து, "மிஸ் எந்த யூனிவர்சிட்டி?" என்று பணிவாகக் கேட்டார்.

"ஏழாம் பாத்தி" என்றார் மிஸ்.

உப்புப் பாத்திகளில் தேங்கி நிற்கும் நீரில் அந்தக் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, உவர்ப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. வேலை நேரம் முடிந்தாலும் குழாய் ஓயாது. ரசம், இளநீர், மழைத்தண்ணீர் எல்லாவற்றிலும் அது நீராடியிருக்கிறது. "கந்தோர்ல யாரும் அழுதா மிஸ் லேஞ்சியத் தேட மாட்டா, சாடியத்தான் தேடுவா" என்பார் வாசல் காவலாளி மஜீது நானா. கந்தோர் என்றால் எங்கள் பக்கத்தில் அலுவலகம், லேஞ்சி என்றால் கைக்குட்டை.

மிஸ்ஸுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. கற்பிட்டிப் பக்கம் கடல் தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். கலியாணம் செய்யவில்லை. கந்தோருக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். நான் சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்தவன். சண்டை முடிந்து உறவுகள் ஊர் திரும்பியபோது, லொறிகளுக்குத் துண்டுச் சீட்டு எழுதும் கிளாக்கர் வேலை இருந்ததால் நான் மட்டும் தங்கிவிட்டேன். நான் வேலையில் சேர்ந்த அன்று மிஸ் என் பெயரைக் கேட்கவில்லை. "உங்கட ஊர்க் கிணத்துத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?" என்றுதான் கேட்டார். பெயரைக் கேட்க மூன்று மாதம் எடுத்தார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் மஜீது நானா ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். அவருடைய மகள் ஆலங்குடாவில், பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெளிநாட்டுக்காரர் தங்கும் விடுதி ஒன்றின் குசினியில் சமையல் வேலை செய்தாள். பெட்டிக்குள் மூன்று அப்பிள்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குச்சி. உடம்பு முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சு.

"என்ன நானா, அப்பிளுக்கு வார்னிஷ் அடிச்சுக் கிடக்கு?" என்றேன்.

"கேரமல் அப்பிளாம், கிளாக்கர். சீனியக் கருக்கி, பாலும் பட்டரும் போட்டுக் காய்ச்சி முக்கி எடுக்கிறதாம். வெள்ளைக்காரப் புள்ளைகள் அவங்கட பெருநாளுக்குச் செஞ்சிக்குதுகள்."

மிஸ் தம் பங்கை வாயில் வைக்கவில்லை. குச்சியைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினார். நகத்தால் தட்டினார். காதில் வைத்துக் கேட்டார். கடைசியில், "இது ஏன் வழியேல்ல?" என்றார்.

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதற்குள் நான் என்னுடையதை முடித்துவிட்டு, நானா ஒரு கடி கடித்து, "பல்லு போயிரும்" என்று வைத்ததையும் முடித்திருந்தேன். இனிப்பைக் கண்டால் நான் அப்படித்தான். மிஸ் கையில் இறுக்கிப் பிடித்திருந்ததால் மூன்றாவது மட்டும் உயிர் தப்பியது.

அன்று பின்னேரம் துண்டுப் புத்தகத்தில் எழுத்துகள் மிதக்கத் தொடங்கின. குருநாகலுக்குப் போக வேண்டிய லொறியைச் சிலாபத்துக்கு அனுப்பிவிட்டேன். சாரதி கத்திக்கொண்டிருந்தபோது மிஸ் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, காலையில இருந்து நீங்க பதினொரு தரம் தண்ணி குடிச்சிட்டீங்க. போன கிழமையும் இப்படித்தான். நான் எண்ணிக்கொண்டு இருக்கிறன்."

"வெய்யில் மிஸ்."

"எல்லாருக்கும் ஒரே வெய்யில்தானே?"

மஜீது நானாவோடு என்னை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று சொன்னார்கள். இன்று தின்ற அப்பிளால் வந்ததல்ல, பல மாதமாக உள்ளேயே இருந்திருக்கிறது, இப்படியே விட்டால் கண்ணைக் கெடுத்துவிடும் என்றார் டொக்டர். என் அப்பாவின் வலது காலை எடுக்க வைத்ததும் இதே வருத்தம்தான். திரும்பி வரும்போது நானா வழி முழுக்க ஏதேதோ பகிடி சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கந்தோரில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். மிஸ் மட்டும் சொல்லவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த அப்பிள்ல அவ்வளவு சீனி எதுக்கு? இனிப்புக்கா, ஒட்டுறதுக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும் மிஸ்?"

"தெரியாமலா ரெண்டு சாப்பிட்டீங்க?"

அந்தக் கிழமையே அவருடைய குசினி பரிசோதனைச் சாலையாகிவிட்டது. சீனியைக் குறைத்து, ஆனால் வழியாமல், ருசியும் கெடாமல் ஒரு கேரமல் அப்பிள் செய்ய முடியுமா என்பது கேள்வி. மஜீது நானா ருசி பார்ப்பவர். நான் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைக்க மட்டும் அனுமதி பெற்றவன்.

முதல் சனிக்கிழமை மிஸ் சீனியைப் பாதியாகக் குறைத்துக் காய்ச்சினார். பூச்சு அப்பிளில் ஒரு நிமிடம் நின்றது. பிறகு இடுப்பிலிருந்து அவிழ்ந்த சாரம் போல மெல்ல இறங்கி, அடியில் வட்டமாகக் கிடந்தது. நானா வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பினார். சீனி குறைந்ததால் வந்த வினை என்றேன் நான். மிஸ் ஏற்கவில்லை. ஒரு கத்தியை எடுத்து அப்பிள் தோலைச் சுரண்டினார். மெழுகுதிரியில் வருவதுபோல வெள்ளையாகத் துருவல் வந்தது.

"கடைக்காரன் மினுக்கத்துக்கு மெழுகு பூசியிருக்கிறான். நான் அதுக்கு மேல பூசினா எப்படி ஒட்டும்?"

அன்றிலிருந்து ஒவ்வொரு அப்பிளையும் சுடுதண்ணீரில் சில விநாடி முக்கி, துணியால் அழுத்தித் துடைத்து, நன்றாகக் காயவிட்டார். குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல இருக்கும்.

இரண்டாம் முறை சீனியே இல்லாமல், மருந்துக் கடையில் விற்கும் இனிப்புக் குளிசைகளைக் கரைத்துப் பாலோடு காய்ச்சினார். அது நிறமும் மாறவில்லை, தடிக்கவும் இல்லை. நானா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

"எப்படி நானா?"

"ஆஸ்பத்திரிச் செவர நக்கின மாதிரி ஈக்குது, மிஸ்."

மிஸ் அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டார். கோபம் என்பது அவருக்குத் தெரியாது. தோல்வி வந்தால் கண் இன்னும் பெரிதாகும், அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை மீண்டும் கொஞ்சம் சீனி போட்டுக் காய்ச்சினார்; பூச்சு ஒட்டிக்கொண்டது. ஆனால் கடலோரக் களப்புக் காற்றின் ஈரத்தில் அரைமணி நேரத்தில் வியர்க்கத் தொடங்கிவிட்டது. மிஸ் அந்த அப்பிளைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்கு ஓடினார். அங்கே உப்பு மாதிரிகளை ஈரம் படாமல் மூடி வைக்கும் கண்ணாடிச் சாடி ஒன்று இருந்தது. அதற்குள் வைத்து மூடினார். திங்கட்கிழமை எடுத்தபோது, மேல்தட்டிலிருந்த உப்பு கொஞ்சம் அப்பிளில் சிந்தியிருந்தது. நானா தட்டிவிட்டுக் கடித்தார்.

"இதுல சீனி கூட்டினீங்களா, மிஸ்?"

"இல்லையே. முதல் முறையை விடக் குறைச்சனான்."

"அப்ப எப்படிக் கூட இனிக்குது?"

மிஸ் அப்பிளை வாங்கி, அதில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்தார். முப்பது வருடமாக உப்போடு கிடந்தவர். ஒரு சிட்டிகை உப்பு, இருக்கிற இனிப்பைத் தூக்கிக் காட்டும் என்பதை அன்றுதான் கண்டார். "இவ்வளவு நாளும் இது என்ர காலடியிலயே கிடந்திருக்கு" என்று உப்புக் குவியலைத் தமக்குத் துரோகம் செய்த உறவினரைப் போலப் பார்த்தார்.

அதற்குப் பிறகு காரியம் வேகமாக நடந்தது. நோன்புக்கு வாங்கி மிச்சமிருந்த பேரீச்சம்பழத்தை நானா கொண்டுவந்தார். மிஸ் அதில் சிலவற்றைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, கொட்டை நீக்கி, களியாக அரைத்து, கெட்டித் தேங்காய்ப்பாலும் ஒரு துண்டு கறுவாப்பட்டையும் சேர்த்து, தாச்சியில் மெல்லிய நெருப்பில் கிண்டினார். கரண்டியை எடுத்தால் பின்பக்கத்தில் பூச்சு வழியாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். இறக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு. வெள்ளைச் சீனி ஒரு மணி கூட இல்லை. பேரீச்சம்பழமும் இனிப்புத்தான், ஆகவே அளவு முக்கியம் என்று கொப்பியில் இரண்டு கோடு போட்டு எழுதினார்.

"முழு அப்பிளுக்கும் ஏன் சட்டை?" என்று திடீரென்று கேட்டார். அப்பிளை மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஈர்க்கில் குத்தி, ஒரு ஓரத்தை மட்டும் களியில் தோய்த்தார். "கழுத்துக்கு ஒரு லேஞ்சி கட்டினாப் போதும்."

நான் ஒரு துண்டைக் கடித்தேன். முதலில் அப்பிளின் புளிப்பு, பிறகு அந்தக் கருகிய இனிப்பு, கடைசியில் எங்கிருந்தோ உப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு முதல்முறையாக வாயில் ஏதோ நடந்தது.

கிளினிக்கில் இருந்த தாதியிடம் மிஸ்ஸே போய்க் கேட்டார். பின்னேர பிஸ்கட்டுக்குப் பதிலாக, அதோடு சேர்த்து அல்ல, இரண்டு துண்டு சாப்பிட்டுச் சீனியை அளந்து பார்க்கலாம் என்றார் தாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மிஸ் எனக்கு இரண்டு துண்டு தந்தார். ஆறு மணிக்கு வந்து விரலைக் குத்தி அளக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

இடையில் நான் அறைக்குப் போனேன். பக்கத்து வீட்டில் கலியாணம். ஒரு தட்டு நிறைய எனக்கு அனுப்பியிருந்தார்கள். அதில், கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம், கிண்ணம் கிண்ணமாக.

ஆறு மணிக்கு மானி காட்டிய எண்ணைப் பார்த்து மிஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார். "இல்லை மிஸ்" என்றேன். அதைச் சொன்ன வாய் இதே வாய்தான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் மிஸ் யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கந்தோர் செத்த வீடு போல இருந்தது. தாங்க முடியாமல் வாசலில் மஜீது நானாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"அல்லாவே! போய்ச் சொல்லு, கிளாக்கர். அந்த மனிசி ரெண்டு நாளா தேத்தண்ணிய அளக்காமக் குடிக்கிது. பாக்க ஏலாம ஈக்குது."

ஏழாம் பாத்தி வரம்பில் மிஸ் நின்றிருந்தார். போய்ச் சொன்னேன்.

"எத்தனை கிண்ணம்?" என்றார்.

"ரெண்டு மிஸ்."

"சின்னதா, பெரிசா?"

"பெரிசு."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அப்பிள்ல பிழையில்லை!" என்று பாத்திக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். கொப்பியைப் பிரித்து, ஒரு பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு வெட்டினார். பிறகு பேனையை மூடிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு நாளா நித்திரையில்ல தம்பி. என்ர கையால உங்கட கண்ணைக் கெடுத்துப்போட்டனோ எண்டு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று பாத்தி வரம்பில் நான் அழுதேன். அவர் சாடியைத் தேடவில்லை. சும்மா பக்கத்தில் நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் பரிசோதனை. இம்முறை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை மிஸ் எனக்கு எதிரே கதிரை போட்டு உட்கார்ந்து, கண் இமைக்காமல் என் வாயைக் காவல் காத்தார். மானி காட்டிய எண் தாதி சொன்ன எல்லைக்குள் இருந்தது. மஜீது நானா அல்ஹம்துலில்லாஹ் என்றார். மிஸ் எண்ணை எழுதிவிட்டு, "பச்சை அப்பிள்ல செய்தா இன்னும் குறையுமோ?" என்றார்.

இப்போது நான் வவுனியாவில் இருக்கிறேன். மனைவி, பிள்ளைகள், மூக்குக்கண்ணாடி எல்லாம் உண்டு. கண் இரண்டும் நலம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஸ் தொலைபேசி எடுப்பார். சுகமா என்று கேட்க மாட்டார். "எத்தனை?" என்பார். நான் எண்ணைச் சொல்வேன். அந்தப் பக்கம் பேனை ஓடும் சத்தம் கேட்கும்.

அழைப்பு வரக் கொஞ்சம் பிந்தினால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. நானே எடுத்துவிடுகிறேன்.