மேனேஜர் அறைக்குக் குடிபோன பெட்டி

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

பேஸ்மென்ட் ரெக்கார்ட் கிளார்க்கான உங்கள் மைத்துனன் பணிவோடு எழுதுவது. இங்கு நானும், என்னோடு ஃபைல் தைக்கும் பைண்டரின் இருமலும் சௌக்கியம். அங்கு அக்காவின் முழங்கால் எப்படி?

தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளராக வந்த நீங்கள் எங்கள் சுவரில் ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டி, "மண்ணுக்கடியிலிருந்து ரேடான்னு ஒரு வாயு கசியும், கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரலுக்கு ஆபத்து, அதை அளக்கத்தான் இந்தப் பெட்டி, மூணு மாசம் தொடாதீங்க, அளவு மீறினா ஃபேன் வைக்கணும்னு சட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று சாயங்காலமே பைண்டருக்கு வாசனை வந்துவிட்டது. அது அவருடைய காலுறை என்று பிறகு தெரிந்தது.

ஜன்னலே இல்லாத அறையில் ஒன்பது வருஷமாக ஃபேன் கேட்கிறோம். "ஃபைலெல்லாம் பறக்கும்யா" என்றே மேனேஜர் தட்டிக்கழிக்கிறார். சட்டமே வந்துவிட்டதென்று நாங்கள் துள்ள, மனுஷர், நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் பெட்டியைக் கழற்றி மேலே தன் ஏசி அறையில் மாட்டிக்கொண்டார். "இங்கதான் சுத்தமான காத்து. அளவு கம்மியா காட்டும்." மூன்றாம் மாதக் கடைசியில் பழைய ஆணியிலேயே திரும்ப மாட்டிவிட்டார். அன்றே உங்களிடம் சொல்லாதது என் பயந்தாங்கொள்ளித்தனம்தான், மன்னியுங்கள். முடிவு வந்தது: வரம்பைப் போல மூன்று மடங்கு. பெட்டி எங்கே இருந்ததென்று தெரிந்த ஒரே அதிகாரியான மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒயர் இழுக்க அவர் அறைத் தரையில் போட்ட ஓட்டை வழியாக எங்கள் காற்று மேலேறி, ஜன்னல் திறக்காத அந்த அறையில் குடித்தனம் நடத்தியிருக்கிறது. சட்டப்படி எங்களுக்கு வந்த ஃபேனை இப்போது தன் அறையில் பொருத்தச் சொல்கிறார். "பெட்டி இருந்த இடத்துலதானே ஃபேன் இருக்கணும், அதான் நியாயம்" என்கிறார். பைண்டருக்கு மகள் பிறந்து நாற்பது நாள், அத்தான். அவருக்கு அந்த நுரையீரல் இன்னும் ரொம்ப நாளைக்கு வேண்டும். உடனே வந்து மறுபடி அளந்து, எங்களைக் காப்பாற்றுங்கள்.

அக்காவுக்கு அன்பும், பிள்ளைகளுக்கு ஆசியும், உங்கள் மூக்குக்கு நீண்ட ஆயுளும்.

இப்படிக்கு,
மூச்சை அளந்து விடும் மைத்துனன்

பி.கு.: வர வேண்டாம். மேலே ஃபேன் மாட்டும் வேலை முடியும்வரை பத்திரமாக இருக்கட்டுமென்று மேனேஜர் நாற்காலியோடு எங்களிடமே இறங்கி வந்தார். மத்தியானம்வரை விட்டுவைத்து, பைண்டர் மெதுவாகச் சொன்னார்: "சார், உங்க ரூமுக்கு அந்த வாயு இங்கிருந்துதான் வந்துச்சு." அரை மணியில் ஃபேன் கீழே வந்துவிட்டது. ஏணியைப் பிடித்ததே மேனேஜர்தான். ஆனால் அவர் ஒன்பது வருஷமாகச் சொன்னது உண்மை, அத்தான். ஃபைலெல்லாம் பறக்கிறது.