மாமியார் அழுத படத்தில் நான் சிரித்தேன்

ஒரு சினிமாவைப் பற்றி ஒரு குடும்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரி பேசினால், அதில் ஒருத்தர்தான் படம் பார்த்திருக்கிறார், மற்றவர்கள் அவருக்குப் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆறு பேர் சேர்ந்து பார்த்த ஒரு ரோபோ படத்தைப் பற்றி இன்றைக்கும் எங்களிடம் ஆறு கருத்து இருக்கிறது. அதில் என்னுடைய கருத்து, கிட்டத்தட்ட என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

அந்தப் படத்துக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனது நான்தான் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். (வேறு யார் மேலாவது பழியைப் போட முடியுமா என்று பார்த்தேன். எடுபடவில்லை.)

அப்போது எனக்கு நிச்சயம் முடிந்து இருபது நாள். மாப்பிள்ளை சேது, வாசுதேவநல்லூர்க்காரர். திருநெல்வேலியில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்து பவர் சொல்லும் வேலை. அவருடைய அப்பா, அதாவது என் வருங்கால மாமா, ஊரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் நின்றாலும் அவரிடம்தான் வரும். நான் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். வேலை என்னவோ மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது. நினைப்பு மட்டும் ராக்கெட் விடுகிற ஆள் என்று.

உறவுப் பெண்களுக்குக் கொடுக்க நூல் சேலை எடுப்பதற்காக ஒரு வெள்ளிக்கிழமை மாமா, அத்தை, சேது மூவரும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். சேலை எடுப்பது சாயங்காலம் வரை இழுக்கும் என்று நினைத்தோம். அத்தை ஒரு மணி நேரத்தில் பதினாலு சேலையையும் எடுத்து முடித்துவிட்டார். சாப்பாடும் ஆயிற்று. கோயில் நடை திறக்க இன்னும் நேரம் கிடந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்து, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் நான் சினிமாவுக்குப் போகலாம் என்றேன். ஊரில் இரண்டு படம் ஓடியது. ஒன்றில் அண்ணன் தம்பிகள் ஆறு பேர் அரிவாளோடு நின்றார்கள். இன்னொன்று ரோபோ படம். கம்ப்யூட்டர் படித்த மருமகள் ரோபோ படத்தைத்தானே சொல்ல வேண்டும்? போனில் விமர்சனங்களைத் தட்டிப் பார்த்தேன். பாதிப் பேர் கண்ணீர் விடாமல் பார்க்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் கண் விழித்துப் பார்க்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். 'அறிவுள்ளவர்களுக்குத்தான் இது புரியும் போல' என்று முடிவு செய்து, முன்னால் நடந்தேன்.

கதை இதுதான். தாய் இல்லாத ஒரு பெண் குழந்தையை வீட்டு வேலைக்கு வந்த ரோபோ வளர்க்கிறது. சோறு ஊட்டுகிறது, தலை பின்னிவிடுகிறது, காய்ச்சல் வந்தால் தன் கையைக் குளிர வைத்து நெற்றியில் வைக்கிறது. பெண் வளர்ந்து வெளிநாடு போய்விடுகிறாள். ரோபோ வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காக நிற்கிறது. மழை பெய்கிறது. துரு ஏறுகிறது. மறுபடி மழை பெய்கிறது. (படத்தில் மொத்தம் ஐந்து மழை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வருஷத்துக்கு அது தாராளம்.) கடைசியில் பெண் திரும்பி வருகிறாள். ரோபோ ஒரு அடி எடுத்து வைக்கப் பார்க்கிறது. உடம்பெல்லாம் 'ஊம்ம்ம்' என்று உறுமி நடுங்குகிறதே தவிர, கால் நகரவில்லை. கரகரத்த குரலில், "சாப்பிட்டியா?" என்று கேட்கிறது. அதன் கண் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.

தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். என் பக்கத்தில் அத்தை முந்தானையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்ததென்னவோ உண்மை. இன்னும் பத்து விநாடி விட்டிருந்தால் நானும் அழுது, நல்ல மருமகளாகப் பேர் வாங்கியிருப்பேன்.

அத்தைக்கு அந்தப் பக்கம் இருந்த மாமா வாயைத் திறந்தார். முப்பது வருஷம் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகியவர். அவர் ரகசியமாகச் சொல்வது நாலு வரிசைக்குக் கேட்கும்.

"ஊம்ங்குது பாரு, சுத்த மாட்டேங்கு. கெப்பாசிட்டர் போயிட்டு. மாத்துனா ஓடிரும்."

அவர் கிண்டல் செய்யவில்லை. டாக்டர் நாடி பார்த்துச் சொல்வது மாதிரி அக்கறையாகச் சொன்னார். அதுதான் என்னைக் கவிழ்த்தது. முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அடக்கினேன். அடக்கியது வயிற்றுக்குப் போய், அங்கிருந்து பலம் சேர்த்துக்கொண்டு வாய் வழியாக வெளியே வந்தது. பிரஷர் குக்கர் மூடி பறந்தால் எப்படியோ அப்படி ஒரு சிரிப்பு. பின் வரிசையில் இரண்டு பேர் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். அவர்களைப் பார்த்து நடு வரிசை சிரித்தது. பெண்கள் பக்கம் ஒருவர் சத்தமாகத் திட்டினார். சிரித்தவர்கள் ஒரு கட்சி, அழுதவர்கள் ஒரு கட்சி என்று தியேட்டர் இரண்டாகப் பிரிந்து நின்றபோது விளக்கைப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அத்தையும் பார்த்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. என் பல் முப்பத்திரண்டும் வெளியே இருந்தது.

வெளியே ஜூஸ் கடையில் நின்றோம். நிலைமையைச் சமாளிக்க அப்பா முந்திக்கொண்டு, "நல்ல படம். ஏசி நல்லாருக்கு" என்றார். (இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார்.) அம்மாவுக்கு அந்தப் பெண் மேல் கோபம். அத்தனை வருஷம் கழித்து வருகிறவள் கையை வீசிக்கொண்டு வருவாளா, ஒரு பழம் வாங்கி வர வேண்டாமா என்று கேட்டார். சேது, கண்ணுக்குள்ளேயே விளக்கு எரிந்தால் அந்த ரோபோவுக்கு எதிரே இருப்பது எதுவும் தெரியாது என்று தொழில்முறையில் விளக்கினார். மாமா மட்டும் உண்மையிலேயே கொதித்துப்போயிருந்தார்.

"ஒரு ஸ்குரூவக் கழட்டிப் பாத்தாளா அவ? கட்டிப்பிடிச்சு அழுதா எப்படி ஓடும்?"

அத்தை ஜூஸைத் தொடவில்லை. அம்மாவிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நான் பக்கத்துல இருந்து அழுதுக்கிட்டு இருக்கேன், இவ சிரிக்கா. நாளைக்கு நான் கட்டுலோட கெடந்தாலும் இப்படித்தான் சிரிப்பா."

அதோடு மூவரும் கோயிலுக்கும் போகாமல் பஸ் ஏறிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அத்தையின் தங்கை போன் செய்தார். பத்திரிகை அடிக்கக் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமே, அக்கா என்னவோ யோசிக்கிறாள் என்றார். அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், அந்தப் படத்தின் ஐந்து மழையும் இடியோடு சேர்ந்து இருந்தன. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே எனக்கு அழுகை வந்தது. மூன்று நாள் முன்னால் வந்திருக்க வேண்டியது. இருபது நாள் போனில் பேசியதில் சேதுவை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. ஒரு கெப்பாசிட்டருக்காக அவரை விட்டுக்கொடுக்க முடியுமா?

அந்த வாரக் கடைசியில் சேதுவே வழி சொன்னார். "அம்மா அந்தப் படத்த இன்னொரு தடவ பாக்கணுங்கா. ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாரேன். நீயும் வா கோமதி. ஒரு சொட்டு விட்டாப் போதும்."

ஒரு சொட்டு. கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காட்சியை நினைத்தாலே எனக்கு மாமாவின் குரல்தான் கேட்டது. கண்ணாடி முன் நின்று பயிற்சி எடுத்தேன். செத்துப்போன எங்கள் ஆட்டுக்குட்டியை நினைத்துப் பார்த்தேன், பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை நினைத்துப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. கடைசியில் அம்மாவின் தலைவலித் தைலத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அறிவியல் படித்த மூளை கண்டுபிடித்த தீர்வு.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமே இல்லை. இருந்த கொஞ்சம் பேருக்காக ஏசி போட மாட்டோம் என்று ஃபேனை மட்டும் சுற்றவிட்டார்கள். நான் நடுவில், ஒரு பக்கம் அத்தை, மறுபக்கம் சேது. நான்காவது மழை முடிந்ததும் இருட்டில் தைலத்தை விரலில் எடுத்து இரண்டு கண்ணுக்கும் கீழே தடவினேன். எவ்வளவு தடவ வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை தடவினேன்.

முதலில் குளுகுளுவென்று இருந்தது. பிறகு வேர்வையோடு சேர்ந்து தைலம் கண்ணுக்குள் போனது. அவ்வளவுதான். கண்ணீர் ஒரு சொட்டு இல்லை, வாய்க்கால். மூக்கிலும் தண்ணீர். அத்தை திரும்பிப் பார்த்தார். ஐந்தாவது மழைக்கே மருமகள் இப்படிக் கரைகிறாளே என்று அவருக்கு மனசு இளகிவிட்டது. "அழாத தாயி" என்று சொல்லித் தன் முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார். கீழே இருந்த தைலம் முழுவதும் மேலே ஏறியது.

திரையில் ரோபோ, "சாப்பிட்டியா?" என்று கேட்டது.

"ஐயோ அம்மா" என்று நான் அலறினேன்.

பின்னால் இருந்த ஒரு அம்மா என்னைக் கேட்டுத் தானும் சத்தமாக அழ ஆரம்பித்தார். சேது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே குழாயடிக்கு ஓடினார். எனக்கு எதுவுமே தெரியவில்லை. படியில் இடறினேன், ஒரு கதவில் முட்டினேன். அவர் என் கண்ணில் தண்ணீரை அடி அடியென்று அடித்துவிட்டு, செல்போன் விளக்கைப் போட்டு இமையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பெண்ணின் கண்ணை அவள் மாப்பிள்ளை முதன்முதலாக அத்தனை கிட்டத்தில் பார்ப்பதைப் பற்றி நான் வேறு விதமாகக் கற்பனை செய்துவைத்திருந்தேன். அவர் மூக்கில் தைல வாசனை ஏறியது. "என்னத்தடி போட்ட?" என்றார்.

அதற்குள் அத்தை பின்னாலேயே வந்துவிட்டார். தன் முந்தானையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். என் கைப்பையைப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? கண்ணைத் திறக்க முடியாமலே, அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்றுகூடத் தெரியாமல், எல்லாவற்றையும் சொன்னேன். ரோபோ செத்ததற்கு நான் சிரிக்கவில்லை, எனக்கும் அழுகைதான் வந்தது, அந்த நேரத்தில் மாமா அப்படிச் சொன்னதால்தான் சிரித்துவிட்டேன் என்று.

அத்தை குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அவரு என்ன சொன்னாரு?" என்றார் அத்தை.

எனக்கு ஆச்சரியம். நாலு வரிசைக்குக் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியதில், மாமா பேசுவது காதில் விழாமல் இருக்க அவர் பழகிவிட்டிருந்தார். நான் சொன்னேன். கெப்பாசிட்டர் போயிட்டு, மாத்துனா ஓடிரும்.

சத்தமே இல்லை. அழுகிறாரோ என்று ஒரு கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்தேன். அத்தை குழாயடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா செத்தன்னைக்கு ஐஸ் பெட்டி நின்னு போச்சு" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஊரே கூடி அழுவுது. இந்த மனுசன் பெட்டிக்கு அடியில படுத்துக் கழட்டிக்கிட்டுக் கெடக்காரு. எங்க அப்பான்னா அவருக்கு உசுரு. அவருக்கு அழத் தெரியாதுட்டி. கழட்டத்தான் தெரியும்."

சொல்லி முடித்ததும் அவருக்குக் கண் கலங்கியது. அதை அந்த முந்தானையாலேயே துடைத்துக்கொண்டார். அப்புறம் என்ன, இரண்டு பேருமாகக் குழாயடியில் முகம் கழுவினோம். சேது மாற்றி மாற்றி விளக்கு அடித்தார்.

மறுநாளே பத்திரிகை அடிக்கக் கொடுத்தார்கள். ஆனால் தைலக் கதையை அத்தை தன் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. கல் மனசுக்காரி என்று தானே கிளப்பிவிட்ட பேரை அழிக்க வேண்டுமே. மருமகள் இரண்டாம் தடவை படம் பார்த்துக் கண் வீங்கும்வரை அழுதாள், மகன் தூக்கிக்கொண்டு ஓடினான் என்று சொந்தத்தில் பரப்பிவிட்டார். என் கண்ணும் நாலு நாள் வீங்கித்தான் இருந்தது என்பதால் அதற்குச் சாட்சியும் இருந்தது.

அதன் பலனை நான் இன்றுவரை அனுபவிக்கிறேன். வாசுதேவநல்லூரில் எந்தத் துஷ்டி வீட்டுக்குப் போனாலும், இளகின மனசுக்காரி என்று சொல்லி என்னை முன்வரிசையில், செத்தவர் தலைமாட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். சிரிப்பை அடக்கத் தெரியாத என்னை. அத்தை மட்டும் விஷயம் தெரிந்தவர். ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் தொடையில் கையை வைத்துக்கொள்வார். லேசாக உதடு கோணினால் ஒரு கிள்ளு. கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

போன மாதம் தூரத்துப் பெரியப்பா முறையில் ஒருவர் தவறிப்போனார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, "என்ன விட்டுப் போனியளே மகராசா" என்று இழுத்து, அதே ராகத்தில், மூச்சு விடாமல், "தண்ணி வண்டி வந்துட்டா பாருங்களேன்" என்று பாடினார். எனக்குத் தாங்கவில்லை. அத்தை கிள்ளுவார் என்று காத்திருந்தேன். கிள்ளு வரவில்லை. என் தலையை இழுத்துத் தன் தோளில் புதைத்துக்கொண்டு, தன் முகத்தை என் தலைமுடிக்குள் மறைத்துக்கொண்டார். அவர் தோள் என்னைவிட வேகமாகக் குலுங்கியது.

பின்னால் யாரோ மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னது கேட்டது.

"மாமியாளும் மருமவளும் எப்படி ஒத்துமையா அழுவுதாவ பாரு. இந்தக் காலத்துல யாரு இருக்கா இப்படி."