சௌம்யாவின் கைக்கு வந்த பந்து

மேல்மலை,
ஞாயிறு மதியம்.

பழனி அடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ராஜமுருகன் அவர்களுக்கு, உங்கள் தங்கை புவனாவின் கணவன் சுப்புராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்களும் பூண்டுப் பயிரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் மூட்டுவலி குறைந்து நடமாட முருகன் துணை. போனில் சொன்னால் பாதியிலேயே யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

முதலில், நம் சௌம்யாவுக்காக மதுரை நரம்பு டாக்டரிடம் போட்ட டோக்கனை ரத்து செய்துவிடுங்கள். பிள்ளைக்கு நரம்பில் ஒன்றுமில்லை.

கொடைக்கானல் பள்ளியில் நாலாம் வகுப்பு சேர்ந்ததிலிருந்து, பந்து வந்தால் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வதும் அது மூக்கில் பட்டுத் திரும்புவதும் நீங்கள் அறிந்ததே. மற்ற பிள்ளைகள் த்ரோபால் ஆடும்போது இவளைச் செருப்புக்குக் காவல் வைத்துவிட்டார்கள் என்று கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே பந்து வாங்கிவந்து வாசலில் பழக்கினேன்; அது அவள் நெற்றியில் பட்டு, படிப்படியாக இறங்கும் பூண்டு வயலின் ஏழு தட்டையும் தாண்டி ஓடைக்குப் போனது, அடுத்த பந்தும் அதே வழி போனது, மூன்றாவது வாங்க மனமில்லாமல் நூக்கோலை எறிந்தேன், அதைப் புவனா பார்த்துவிட்டாள். “ஏங்க, புள்ளையக் கொழம்பு வைக்கப் போறீங்களா” என்று கேட்டுக் கூடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகுதான் விளையாட்டு ஆசிரியை தமயந்தியிடம் போய், நரம்புக் கோளாறு என்று நீங்கள் சொன்னதை உங்கள் பெயரைச் சொல்லாமல் சொன்னேன். அவர் சௌம்யாவை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். நின்றாள். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். அப்படியும் நின்றாள். குட்டைச்சுவரின் மேல் நடக்கச் சொன்னார், ஓடினாள். பிறகு என்னையும் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். அதை எழுத வேண்டியதில்லை.

“சார், கால் வேலை பூராத்தையும் இந்த மலையே கத்துக்குடுத்திருச்சு. கைக்குத்தான் யாரும் சோலி குடுக்கல. சின்னதுல பந்து வச்சு வெளையாடுச்சா?”

“சரிவுல உருண்டு ஓடிரும்னு நாந்தான் வாங்கித் தரலைங்க.”

“அவ்வளவுதான் விசயம். பந்து வெரசா வருது, கண்ணு பழகல, மூடிக்கிடுது. பலூன்ல ஆரம்பிங்க, மெதுவா வரும். அப்புறம் பெரிய பந்து, அப்புறம் சின்னது.”

மச்சான், குறை பிள்ளையிடம் இல்லை, என்னிடம்தான். செருப்புக் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

ஆறு வாரம் வெள்ளனே எழுந்து பலூன் ஊதித் தாடை வீங்கிப்போனேன். போன வெள்ளிக்கிழமை பள்ளியில் போட்டி, இவளையும் இறக்கினார்கள். பந்து வந்தது. கண் திறந்தே இருந்தது. பிடித்துவிட்டாள். பிடித்தவள் திருப்பி எறியவில்லை. நடுவர் கேட்டும் தராமல், மார்போடு அணைத்தபடி வேலிவரை ஓடிவந்து, “அப்பா, பாருங்க, கெடச்சிருச்சு” என்றாள். புள்ளி எதிரணிக்குப் போனது. அணியே முறைத்தது. நானும் புவனாவும் மட்டும் கோப்பை வாங்கியவர்கள்போலக் கைதட்டினோம்.

ஆகவே இனிக் கவலை வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் கடையில் பூ வாடாமல், காலில் வலி தங்காமல் நீங்கள் நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்ட
சுப்புராஜ்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சௌம்யா வந்தாள். த்ரோபால் வேண்டாமாம். இவள் கால் வேகத்தைப் பார்த்து அன்றைக்கே ரிலே ஓட்டத்தில் சேர்த்துவிட்டார்களாம். அதில் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டிக் குச்சியை வாங்க வேண்டுமாம். ஆறு வாரமாகக் கண்ணைத் திற, கண்ணைத் திற என்று கத்தியவன் நான். “பாக்காம வாங்கணும்ப்பா, எப்பப் பழக்குவீங்க” என்கிறாள். புவனா குச்சிக்குப் பதில் அகப்பையோடு வாசலில் தயாராக நிற்கிறாள். முதலில் முன்னால் ஓடி வாங்கிக் காட்ட வேண்டியது நானாம்.